இளம் இசைக்கலைஞர்களுக்கான தியேட்டர் ஆர்கன் கச்சேரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய திரையரங்குகளின் குழல் ஆர்கன்களைக் காப்பாற்றி வைத்திருக்கும் சங்கங்கள் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் பல உள்ளன. அவை வளரும் கலைஞர்களின் பயிற்சிக்கு நிதி திரட்டுவதற்கென்று அவ்வப்போது கச்சேரிகள் நடத்துகின்றன. அத்தகைய சங்கம் ஒன்றில் தன்னார்வலராக வாசலில் நின்று டிக்கெட் வாங்கும் வேலையைச் சில ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். அங்கு முதன்முறையாக வரும் தமிழ்க் குடும்பங்கள் என்னிடம் கேட்ட கேள்விகளையும், வாசலில் நின்றபடி முழுமையாகச் சொல்ல முடியாமல் போன விடைகளையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

தியேட்டர் ஆர்கன் என்பது என்ன?

ஊமைப்படக் காலத்தில், திரையில் ஓடும் காட்சிக்கு ஏற்ற இசையை ஒரே கலைஞர் வாசிப்பதற்காகத் திரையரங்குகளில் நிறுவப்பட்ட குழல் ஆர்கன் அது. நம் வீடுகளில் இருந்த ஆர்மோனியப் பெட்டியிலும் காற்றுதான் ஒலியை எழுப்புகிறது. ஆனால் அதில் குழல்கள் கிடையாது, பித்தளை நாக்குகள் மட்டுமே அதிர்கின்றன. குழல் ஆர்கனில் ஒவ்வொரு சுரத்துக்கும் தனியாக ஒரு குழல் உண்டு. ஒரே குணமுள்ள ஒலியைத் தரும் குழல்களின் வரிசையை ‘ரேங்க்’ என்கிறார்கள். கலைஞரின் முன்னால் படிப்படியாக அடுக்கப்பட்டிருக்கும் கட்டை வரிசை ஒவ்வொன்றும் ஒரு ‘மேனுவல்’ ஆகும். 4/36 என்று ஓர் ஆர்கனைக் குறிப்பிட்டால் அதற்கு நான்கு மேனுவல்களும் 36 ரேங்குகளும் உள்ளன என்று பொருள்.

குழல்களில் இரண்டு குலங்கள் உண்டு. ஒன்று புல்லாங்குழலைப் போல, விளிம்பில் மோதும் காற்றால் ஒலிப்பது. மற்றொன்று, நாகசுரத்தின் சீவாளி செய்யும் வேலையை ஒரு மெல்லிய பித்தளை நாக்கு செய்ய, அது அதிர்வதால் ஒலிப்பது. முதல் குலத்தில் டிபியா என்னும், மேல்முனை மூடிய, அகன்ற மரக்குழலும், இரண்டாம் குலத்தில் மனிதக் குரலை நினைவூட்டும் வாக்ஸ் ஹ்யூமானாவும் தியேட்டர் ஆர்கனின் உயிர் என்றே சொல்லலாம். இந்த இரண்டும் ட்ரெமுலன்ட் என்னும் காற்றசைப்பானோடு சேர்ந்து ஒலிக்கும்போது எழும் கமகம் போன்ற அசைவைக் கேட்டவர்கள், அடுத்த முறை எங்கே கேட்டாலும் அது தியேட்டர் ஆர்கன்தான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார்கள்.

தேவாலய ஆர்கனும் இதுவும் ஒன்றுதானா?

அடிப்படை ஒன்றே, அமைப்பும் நோக்கமும் வேறு. தேவாலய ஆர்கன்களில் காற்றழுத்தம் பொதுவாக நீரை மூன்று, நான்கு அங்குல உயரத்துக்குத் தள்ளும் அளவில் இருக்கும். தியேட்டர் ஆர்கனில் அது பத்து அங்குலமோ அதற்கு மேலோ இருக்கும். அதைவிடப் பெரிய வேறுபாடு, இங்கிலாந்தில் பிறந்த ராபர்ட் ஹோப்-ஜோன்ஸ் என்பவர் கொண்டுவந்த முறை. அவர் தொலைபேசி நிறுவனத்தில் மின்பொறியாளராக இருந்தவர். தொலைபேசி இணைப்பகத்தில் ஒரு கம்பியை எந்த இணைப்புக்கும் மாற்றிப் பூட்டுவதைப் போல, ஒரே ரேங்கை எந்த மேனுவலிலிருந்தும், எந்த ஸ்தாயியிலும் வாசிக்க மின்சாரம் இடம் தரும் என்று அவர் கண்டார். 61 கட்டைகள் கொண்ட மேனுவலுக்கு ஒரு ரேங்கில் 61 குழல்கள் போதும். அதோடு மேலே மூன்று ஸ்தாயிகளுக்கு 36 குழல்களைச் சேர்த்து 97 ஆக்கினால், அந்த ஒரே வரிசையைப் பதினாறு அடி நீளக் குழலில் தொடங்கும் தாழ்ந்த ஒலியிலிருந்து இரண்டு அடிக் குழலில் தொடங்கும் உயர்ந்த ஒலி வரை பல குரல்களாகப் பயன்படுத்தலாம். திரையரங்கின் குறுகிய அறைகளுக்குள் ஒரு பெரிய ஆர்கனின் ஒலி அடங்கியதற்கு இதுவே காரணம்.

ஹோப்-ஜோன்ஸ் 1903-இல் அமெரிக்கா சென்றார். அங்கு அவர் தொடங்கிய நிறுவனம் நிலைக்கவில்லை. 1910-இல் நியூயார்க் மாநிலத்தின் நார்த் டோனவாண்டா நகரில் இருந்த வுர்லிட்ஸர் நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது. தன் கண்டுபிடிப்பு உலகெங்கும் பரவியதைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை, 1914-இல் இறந்துவிட்டார். வுர்லிட்ஸர் 2,200-க்கும் மேற்பட்ட தியேட்டர் ஆர்கன்களைச் செய்து அனுப்பியது. ராபர்ட்-மார்ட்டன், கிம்பல், மோலர், பார்ட்டன் ஆகிய அமெரிக்க நிறுவனங்களும், பிரிட்டனின் காம்ப்டன் நிறுவனமும் அதே பாதையில் சிறந்த ஆர்கன்களைச் செய்தன. ஆனாலும் வுர்லிட்ஸர் என்ற பெயரே பொதுப்பெயராக நிலைத்துவிட்டது.

மேடையில் ஒரு குழலும் தெரியவில்லையே, ஒலி எங்கிருந்து வருகிறது?

பலரும் கேட்கும் கேள்வி இது. மேடையருகே தெரிவது, கலைஞர் அமர்ந்து வாசிக்கும் கன்சோல் மட்டுமே. குதிரை லாடம் போல வளைந்த அதன் முகப்பில் எந்தக் குரல் ஒலிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் நாக்கு வடிவ ஸ்டாப்கள் வண்ண வண்ணமாக வரிசையாக இருக்கும்; வுர்லிட்ஸர் வழக்கப்படி சிவப்பு நிறம் நாக்குக் குழல்களையும், வெள்ளை நிறம் புல்லாங்குழல் வகையையும், மஞ்சள் நிறம் தந்தி வாத்தியங்களின் ஒலி தரும் குழல்களையும் குறிக்கும். குழல்கள் அனைத்தும் மேடைக்கு இருபுறமும், சுவருக்குப் பின்னால், சேம்பர் என்னும் அறைகளில் இருக்கின்றன. அந்த அறைகளின் முன்பக்கத்தில் ஜன்னல் சட்டங்கள் போன்ற கனமான மரப்பலகைகள் அடுக்கடுக்காக உண்டு. கலைஞர் காலால் அழுத்தும் மிதி அந்தப் பலகைகளைத் திறக்கிறது, மூடுகிறது. ஒலி பெருகுவதும் குறைவதும் அதனால்தான். அடித்தளத்தில் எங்கோ ஓர் ஓரத்தில் ப்ளோயர் என்னும் பெரிய மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கும். கச்சேரிக்கு முன் அரங்கு அமைதியாக இருக்கும்போது காதைக் கூர்மையாக்கினால், அது காற்றை நிரப்பும் மெல்லிய முழக்கம் கேட்கும்.

முரசு, ஜால்ரா போன்ற தட்டுகள், சைலஃபோன், மணிகள் ஆகியவையும் அந்த அறைகளுக்குள்தான் இருக்கின்றன. அவற்றைக் காற்றினால் இயங்கும் சிறு சுத்தியல்கள் அடிக்கின்றன. குதிரைக் குளம்பொலி, ரயில் ஊதல், தீயணைப்பு வண்டியின் மணி, கடலலை என்று ஊமைப்படத்துக்குத் தேவைப்பட்ட ஒலிகளும் உண்டு. பறவைக் குரலுக்குச் செய்திருக்கும் ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது: ஒரு சிறு ஊதலின் வாயைத் திரவத்துக்குள் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள், காற்று குமிழியிட்டு வெளியேறும்போது அது கீச்சிடுகிறது.

இதே ஒலியை இன்றைய மின்னணு கீபோர்டு தருமே?

பதிவு செய்த ஒலியைத் தரும். அதுவும் இன்று மிக நன்றாகவே தரும். வீட்டில் பயிற்சி செய்யும் இளைஞர்கள் பலர் அத்தகைய கருவிகளில்தான் தொடங்குகிறார்கள், அதில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் பதினாறு அடி நீளக் குழல் ஒன்று ஒலிக்கும்போது, காதுக்கு எட்டுவதற்கு முன்பே இருக்கையின் கைப்பிடியிலும் தரையிலும் அதிர்வு தெரியும். ஆயிரம் பேர் அமரும் அரங்கில் நூற்றுக்கணக்கான குழல்கள் ஒவ்வொன்றும் தன் இடத்திலிருந்து காற்றை அசைக்கின்றன. ஓர் ஒலிபெருக்கியிலிருந்து அந்த அனுபவம் கிடைக்காது. இந்த ஒரு காரணத்துக்காகவே, வீட்டுக் கருவியில் நன்றாக வாசிக்கும் பிள்ளையை உண்மையான ஆர்கனின் முன் உட்காரவைக்க வேண்டியிருக்கிறது.

இவ்வளவு ஆர்கன்கள் செய்யப்பட்டும் இன்று ஏன் அரிதாகிவிட்டன?

1927-இல் பேசும் படம் வந்தது. ஒலி படச்சுருளோடே வரத் தொடங்கியதும் சில ஆண்டுகளில் அமெரிக்காவின் திரையரங்க இசைக்கலைஞர்கள் பல்லாயிரம் பேர் வேலையிழந்தார்கள். பிரிட்டனில் நிலைமை சற்று வேறு. அங்கே பேசும் படம் வந்த பிறகும் இடைவேளை நிகழ்ச்சிக்காக 1930-களில் புதிய ஆர்கன்கள் நிறுவப்பட்டன, வானொலியும் அவற்றைப் பரப்பியது. பிறகு திரையரங்குகளே இடிபட்டன. ஆர்கன்கள் பழைய இரும்பு விலைக்குப் போயின, தேவாலயங்களுக்கு விற்கப்பட்டன, மழைநீர் ஒழுகும் அறைகளில் மறக்கப்பட்டன.

தப்பியவற்றின் கதைகள் சுவையானவை. பிரிட்டனுக்கு முதலில் வந்த வுர்லிட்ஸர் 1925-இல் வால்சால் நகரின் பிக்சர் ஹவுஸ் திரையரங்கில் ஒலித்தது. இன்று அது டெவன் கடற்கரையில் பீர் என்னும் சிற்றூரின் தேவாலயத்தில் இருக்கிறது. நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் இருந்த பாரமவுண்ட் திரையரங்கின் 4/36 வுர்லிட்ஸர், கான்சஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரப் பொது மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தது. லண்டன் எலிஃபண்ட் அண்ட் காசில் பகுதியின் ட்ரோகடேரோ திரையரங்கில் 1930-இல் நிறுவப்பட்ட 4/21 ஆர்கன் இப்போது லைம்ஹவுஸ் பகுதியின் ட்ராக்ஸி அரங்கில் ஒலிக்கிறது. இவற்றை இடம் மாற்றியவர்களில் பெரும்பாலோர் வார இறுதிகளைக் கொடுத்த சாதாரண ரசிகர்கள். பிரிட்டனில் சினிமா ஆர்கன் சொசைட்டி 1952-இலும், அமெரிக்கத் தியேட்டர் ஆர்கன் சொசைட்டி 1955-இலும் தொடங்கப்பட்டன.

நாங்கள் வசிக்கும் ஊருக்கு அருகில் எங்கே கேட்கலாம்?

தமிழர்கள் மிகுதியாக வாழும் பகுதிகளை மனத்தில் கொண்டு சிலவற்றை மட்டும் சொல்கிறேன். அட்லாண்டாவின் ஃபாக்ஸ் தியேட்டரில் 1929-ஆம் ஆண்டின் 4/42 மோலர் ஆர்கன் நிறுவப்பட்ட இடத்திலேயே இருக்கிறது. கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் உள்ள ஸ்டான்ஃபோர்டு தியேட்டரிலும், சிகாகோவில் சிகாகோ தியேட்டரிலும் வுர்லிட்ஸர்கள் உள்ளன. நியூயார்க்கின் ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலில் 1932-இல் நிறுவப்பட்ட 58 ரேங்க் வுர்லிட்ஸருக்கு இரண்டு கன்சோல்கள் உண்டு. இங்கிலாந்தில் பிளாக்பூல் டவர் நடனக்கூடத்தின் வுர்லிட்ஸரைக் கேட்காதவர் குறைவு. அடிலெய்டில் உள்ள காப்ரி தியேட்டர், ஆர்கன் சங்கத்துக்கே சொந்தமானது. கட்டடப் பணி, பழுதுபார்ப்பு ஆகிய காரணங்களால் நிகழ்ச்சிகள் மாறக்கூடும் என்பதால் புறப்படுவதற்கு முன் அரங்கிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

இது முதியவர்களின் பழைய நினைவு. இளைஞர்களுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன். இந்த வாத்தியத்தின் மொழியை உருவாக்கியவர்களே இளைஞர்கள்தாம். அநாதை இல்லத்தில் வளர்ந்த ஜெஸ்ஸி கிராஃபோர்டு, 1921-இல் சிகாகோ தியேட்டர் திறக்கப்பட்டபோது அதன் கன்சோலில் அமர்ந்தார். அப்போது அவருக்கு வயது 25. ரெஜினால்ட் டிக்ஸன் 1930-இல் பிளாக்பூல் டவரில் வேலைக்குச் சேர்ந்தபோதும் வயது 25-தான். நடனமாடுபவர்களின் கால்களைத் தாளத்தில் நிறுத்த வேண்டும் என்ற நெருக்கடியிலிருந்து அவர் வளர்த்தெடுத்த துள்ளலான வாசிப்பு, ‘பிளாக்பூல் பாணி’ என்ற பெயரோடு இன்றும் நிற்கிறது. அவர் அங்கே 1970 வரை வாசித்தார்.

நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் லிங்கன் தியேட்டரில் ஊமைப்படங்களுக்கு வாசிக்கத் தொடங்கியபோது, ஜாஸ் கலைஞர் ஃபாட்ஸ் வாலருக்கு வயது 15. பின்னாளில் ஜாஸ் உலகின் பெரும் பெயர்களில் ஒன்றாகிய கவுண்ட் பேசி, வாலருக்குச் சம வயதுடையவர். அவரும் 1904-இல் பிறந்தவரே. ஆர்கன் கற்றுக்கொள்ளும் ஆசையில் பேசி அந்தத் திரையரங்குக்கு நாள்தோறும் வந்து, முன்வரிசையில் உட்கார்ந்து வாலரின் வாசிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் வாலர் அவரை உள்ளே அழைத்தார். பேசி தரையில் அமர்ந்து, வாலரின் கால்கள் பெடல்களில் நகர்வதைப் பார்த்து, அதைத் தன் கைகளால் செய்து பழகினார். பிறகு பக்கத்திலேயே பெஞ்சில் அமர்ந்து கற்றார். அந்தக் கல்விக்குக் கட்டணமோ சான்றிதழோ இல்லை. வேலை நடக்கும் ஆர்கன் ஒன்று இருந்தது, அருகில் உட்கார இடம் கொடுக்கும் மனம் இருந்தது, நேரம் இருந்தது.

இன்று இல்லாமல் போனது அந்த நேரம்தான். அன்று ஒவ்வொரு நகரத்திலும் பல ஆர்கன்கள் நாள் முழுவதும் ஒலித்தன. இன்று ஒரு பதினான்கு வயதுப் பிள்ளை அருகிலுள்ள ஆர்கனைத் தொட நூறு மைல் போக வேண்டியிருக்கலாம். போனாலும் அரங்கில் திரைப்படமோ நாடகமோ நடந்துகொண்டிருக்கும். இளம் கலைஞர்களுக்கான கச்சேரிகள் வாங்கித் தருவது பெரும்பாலும் இதைத்தான்.

டிக்கெட் பணம் எதற்குப் போகிறது?

சங்கத்துக்குச் சங்கம் மாறும். பொதுவாகப் பார்த்தால், ஆசிரியருக்கான கட்டணம், மாநாட்டுக்கும் பயிற்சி முகாமுக்கும் போகும் பயணச் செலவு, இளைஞர் போட்டிகளின் பரிசு, அரங்கின் வாடகை ஆகியவற்றுக்குச் செல்கிறது. அமெரிக்கத் தியேட்டர் ஆர்கன் சொசைட்டி இளம் கலைஞர்களுக்கான போட்டியையும் கோடைக்கால முகாமையும் நடத்துகிறது. ஜார்ஜ் ரைட் என்ற மாபெரும் கலைஞரின் பெயரில், இளைஞர்கள் ஆண்டு மாநாட்டில் கலந்துகொள்ள உதவித்தொகையும் அளிக்கிறது. சில கச்சேரிகளின் வருமானம் உள்ளூர்ப் பள்ளியின் வாத்தியக் குழுவுக்கோ இளையோர் ஆர்க்கெஸ்ட்ராவுக்கோ போவதும் உண்டு. அப்போது அந்தப் பிள்ளைகளே மேடையேறி ஆர்கனோடு சேர்ந்து வாசிப்பார்கள்.

பரிசுத் தொகையைவிடப் பயிற்சி நேரமே பெரிய உதவி என்பது என் கருத்து. குளிர்காலத்தில் ஒரு பெரிய அரங்கைச் சூடாக்கி, விளக்குப் போட்டு, ஒரு தொழில்நுட்பரை உடன் இருத்தி, ஒரே ஒரு பிள்ளைக்காக மூன்று மணி நேரம் திறந்து வைப்பது எளிதான காரியமில்லை. செலவும் கணிசமாக ஆகும். எந்தச் சங்கத்துக்கு நன்கொடை கொடுத்தாலும், ‘பிள்ளைகளுக்கு ஆண்டில் எத்தனை மணி நேரம் கன்சோலைத் திறந்து விடுகிறீர்கள்?’ என்று கேளுங்கள். நல்ல சங்கங்கள் அந்தக் கேள்வியை வரவேற்கும்.

ஒரு பகுதி ஆர்கனின் பராமரிப்புக்கும் போகலாம். குழலுக்குக் காற்றைத் திறந்து விடும் ஒவ்வொரு சிறு துருத்தியும் ஆட்டுத்தோல் போன்ற மெல்லிய தோலால் ஆனது. சில பத்தாண்டுகளில் அது வெடித்துக் கிழியும். பழைய தோலைச் சுரண்டி, புதியதை அளவாக வெட்டி, விலங்குப் பசையைச் சூடாக்கி ஒட்ட வேண்டும். ஓர் ஆர்கனில் இவை ஆயிரக்கணக்கில் இருக்கும்.

பியானோ தெரிந்தால் தியேட்டர் ஆர்கன் வாசித்துவிடலாமா?

தொடங்கிவிடலாம், உங்கள் பிள்ளை ஏற்கெனவே பியானோ கற்றிருந்தால் பாதி தூரம் கடந்தாயிற்று. மீதிப் பாதி வேறு உலகம். பியானோவில் விரலின் அழுத்தம் ஒலியின் அளவைத் தீர்மானிக்கிறது. ஆர்கனில் எவ்வளவு அழுத்தினாலும் ஒலி மாறாது, விரலை எடுத்த கணமே ஒலி நின்றுவிடும். ஆகவே எப்போது எடுப்பது என்பதே கலை. இடது கால் 32 பெடல்களில் தாழ்சுரம் வாசிக்க, வலது கால் பெரும்பாலும் ஒலியளவு மிதியில் இருக்கும். சில ஆர்கன்களில் கட்டையை வழக்கமான ஆழத்துக்கு அழுத்தினால் ஒரு குரலும், இன்னும் ஆழமாக அழுத்தினால் அதோடு இன்னொரு குரலும் ஒலிக்கும். இவ்வளவும் நடக்கும்போதே எந்த ஸ்டாப்களை எப்போது மாற்றுவது என்று தீர்மானிக்க வேண்டும்.

மேலும், எந்த இரண்டு தியேட்டர் ஆர்கன்களும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒன்றில் இனிமையாக அமைந்த சேர்க்கை மற்றொன்றில் கரகரக்கும். ஒரு பயிற்சி நாளில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு சிறுமி மெல்லிய அடி வைத்த காலணியை மாட்டிக்கொண்டு, கீழ்ப் பெடல் எட்டுகிறதா என்று பெஞ்சின் விளிம்புக்கு நகர்ந்து பார்த்துவிட்டு, வீட்டில் பல மாதம் பழகிய பாட்டைத் தொடங்கினாள். நான்கு அடிகளிலேயே நிறுத்திவிட்டாள். கட்டையை அழுத்தியதற்கும், உயரத்தில் இருக்கும் சேம்பரிலிருந்து ஒலி இறங்கி வருவதற்கும் இடையில் இருந்த மிகச் சிறு தாமதம் அவள் தாளத்தைக் குலைத்துவிட்டது. ‘காதைப் பின்தொடராதே, விரலை நம்பு’ என்றார் ஆசிரியர். மீண்டும் வாசித்தாள். பல ஆர்கன்களில் இப்போது, கட்டைகளைக் குழல்களோடு இணைத்த ரிலே என்னும் பழைய சாதனத்துக்குப் பதிலாகக் கணினி இருப்பதால், எந்தக் கட்டை எப்போது அழுத்தப்பட்டது என்பதைப் பதிந்து, ஆர்கனையே மறுபடி ஒலிக்கச் செய்யலாம். அவள் இறங்கி வந்து, பதினைந்தாவது வரிசையில் உட்கார்ந்து, யாருமில்லாத கன்சோல் தன் வாசிப்பைத் திருப்பி வாசிப்பதைக் கேட்டாள். பெஞ்சில் இருக்கும்போது தெரியாத ஒன்று அங்கே தெரிந்தது: இடது கையின் தந்திக் குரல்கள் மெட்டை மூழ்கடித்துக்கொண்டிருந்தன. திரும்பிப் போய் ஒரே ஒரு மஞ்சள் ஸ்டாப்பை மேலே தள்ளி அணைத்தாள். பாட்டு தெளிந்தது. வீட்டில் ஓர் ஆண்டு உழைத்தாலும் கிடைக்காத பாடம் அது.

கச்சேரியில் என்ன வாசிப்பார்கள்?

1920, 30-களின் நடனப் பாட்டுகள், மேடை இசை நாடகங்களின் பாடல்கள், மேற்கத்திய செவ்வியல் இசைத் துண்டுகள், திரையிசை என்று கலந்திருக்கும். பெரும்பாலும் முதல் பாதியில் இளம் கலைஞர்கள் இரண்டு மூன்று பாட்டுகள் வீதம் வாசிப்பார்கள். இரண்டாம் பாதி அனுபவமிக்க ஒருவருடையதாக இருக்கும். ஊமைப்படம் ஒன்றைத் திரையிட்டு அதற்கு நேரடியாக வாசிப்பதும் உண்டு. அதைத் தவறவிடாதீர்கள். அது பெரும்பகுதி மனோதர்மம். எழுதி வைத்த இசையைவிடத் திரையைப் பார்க்கும் கண்ணே வழிநடத்தும்.

இதன் தொடர்ச்சியாக ஒரு நல்ல முயற்சியையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் தோன்றிய சர்வதேச இளையோர் ஊமைப்பட விழாவில், நேதன் அவாகியன் என்னும் கலைஞர் தியேட்டர் ஆர்கனில் அமைத்த சிறு இசைத் துண்டுகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றுக்குப் பொருந்த மாணவர்கள் மூன்று நிமிட ஊமைப்படம் எடுக்கிறார்கள். படத்துக்கு இசை என்ற பழைய வரிசை இங்கே இசைக்குப் படம் என்று திரும்பிவிட்டது. கேமரா பிடிக்கும் பிள்ளைக்கும் இந்த வாத்தியத்தில் இடம் இருக்கிறது என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது.

எங்கே உட்கார்ந்தால் நன்றாகக் கேட்கும்?

முன்வரிசை வேண்டாம். அங்கே கலைஞரின் கால்கள் நன்றாகத் தெரியும், ஆனால் இரு பக்கச் சேம்பர்களின் ஒலியும் தலைக்கு மேலே போய்விடும். அரங்கின் நடுவிலோ, பால்கனியின் முன்வரிசையிலோ உட்காருங்கள். பால்கனிக்கு அடியில் உள்ள கடைசி வரிசைகளில் ஒலி மங்கிவிடும்.

சிறு குழந்தைகளை அழைத்து வரலாமா?

வரலாம். தாழ்சுரங்களின் அதிர்வு மிகச் சிறிய குழந்தைகளைப் பயமுறுத்தலாம் என்பதால் ஓரத்து இருக்கை வசதியானது. கன்சோல் மின்தூக்கியில் தரைக்கடியிலிருந்து வாசித்தபடியே மேலெழும் அந்த முதல் நிமிடத்துக்குத் தாமதமாக வந்துவிடாதீர்கள்.

நடுவில் ஒரு சுரம் நிற்காமல் ஒலித்துக்கொண்டே இருந்தது. கலைஞரின் தவறா?

இல்லை. அதை ‘சைஃபர்’ என்பார்கள். ஒரு வால்வின் அடியில் தூசி சிக்கினாலோ, தோல் கிழிந்தாலோ, குழல் தானாக ஒலித்துக்கொண்டிருக்கும். அப்போது ஒருவர் கைவிளக்கோடு சேம்பருக்குள் ஓடுவார். இருட்டில், எல்லாக் குழல்களும் முழங்கிக்கொண்டிருக்க, காதில் அடைப்பானோடு அந்த ஒரே குழலைக் கண்டுபிடித்துப் பிடுங்கி எடுத்துவிடுவார். கலைஞர் வாசிப்பை நிறுத்தாமல், அந்தச் சுரம் பொருந்தும் சுருதிக்குப் பாட்டை நகர்த்தி நேரம் கடத்துவதும் உண்டு. ஓர் இளம் கலைஞர் இதைச் சமாளித்தால், பாட்டுக்குக் கொடுப்பதைவிட அதிகமாகக் கை தட்டுங்கள்.

சுருதி பிசகியது போலத் தோன்றினால் வெப்பநிலையைச் சந்தேகிக்கலாம். அறையின் வெப்பம் பத்து பாகை செல்சியஸ் உயர்ந்தால், புல்லாங்குழல் வகைக் குழல்களின் சுருதி, அடுத்தடுத்த இரு கட்டைகளுக்கு இடையிலான வேறுபாட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஏறிவிடும். நாக்குக் குழல்கள் அந்த அளவுக்கு ஏறுவதில்லை. அதனால்தான் கச்சேரி நாளில் அரங்கைச் சீரான வெப்பத்தில் வைத்திருக்க அவ்வளவு பாடுபடுகிறார்கள்.

எனக்கு இசை தெரியாது. உதவ ஏதாவது இருக்கிறதா?

நிறைய இருக்கிறது. தச்சு வேலை, மின்வேலை, தையல் தெரிந்த எவரும் இங்கே மதிப்புக்குரியவர். தோல் ஒட்டும் மேசையில் கணினிப் பொறியாளரும் ஓய்வுபெற்ற ஆசிரியையும் அருகருகே உட்கார்ந்து வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். பயிற்சிக்கு வரும் பிள்ளையைக் காரில் அழைத்து வந்து, காத்திருந்து, திரும்பக் கொண்டுபோய் விடுவதும் பெரிய உதவி. இளையோர் உள்ள இடம் என்பதால், சங்கம் கேட்கும் பின்னணிச் சோதனைக்கும் விதிமுறைகளுக்கும் தயங்காமல் உடன்படுங்கள்.

என் பிள்ளை வாசிக்க ஆசைப்படுகிறாள். எங்கிருந்து தொடங்குவது?

முதலில் பியானோவில் உறுதியான அடித்தளம் வேண்டும். பிறகு அருகிலுள்ள சங்கத்துக்கு எழுதி, திறந்த கன்சோல் நேரம் எப்போது என்று கேளுங்கள். பல சங்கங்களில் உறுப்பினர்களுக்கு அந்த வசதி உண்டு. அருகில் தியேட்டர் ஆர்கன் இல்லையென்றால் தேவாலய ஆர்கனிலேயே பெடல் பழகலாம். அமெரிக்க ஆர்கனிஸ்ட் கில்டு அமைப்பு பதின்ம வயதினருக்கு ஒரு வார அறிமுகப் பயிற்சிகளை நடத்துகிறது. கர்நாடக இசை கற்ற பிள்ளைகளுக்குக் காது ஏற்கெனவே பழகியிருக்கும், மனோதர்மம் என்பதும் அந்நியமாக இருக்காது. பல சுரங்களை ஒருங்கே அடுக்கும் மேற்கத்திய இசைமுறைக்கு மட்டும் தனியாக உழைக்க வேண்டும்.

கச்சேரி முடிந்ததும் கன்சோலை அருகில் பார்க்கலாமா?

பெரும்பாலான இடங்களில் அனுமதிப்பார்கள். ப்ளோயரை நிறுத்துவதற்கு முன் கேளுங்கள். பெஞ்சில் ஏறுமுன் காலணியைக் கழற்றிவிடுங்கள், பெடல்கள் மரத்தாலானவை. பிள்ளை எல்லா ஸ்டாப்களையும் ஒரே நேரத்தில் தட்டிவிட ஆசைப்படும். அதற்கு முன், உடனிருப்பவரிடம் சொல்லி டிபியாவை மட்டும் போடச் செய்து, நடுக்கட்டை ஒன்றை அழுத்திப் பிடித்திருக்கச் சொல்லுங்கள். அந்த ஒற்றை மரக்குழல் வெறும் அரங்கின் மறுகோடியிலிருந்து திரும்பி வருவதை அவள் கேட்டு முடிக்கும் வரை பக்கத்தில் யாரும் பேச வேண்டாம்.